யானைக்கு எத்தனை கட்டம்?

சென்ற சித்திரையில் கும்பகோணத்தில் எங்கள் குழு நண்பர் ஒருவர் வீட்டில் கூடியிருந்தோம். பேச வைத்திருந்த பொருள் வேறு. ஆனால் பேச்சு கூடத்தின் பக்கம் திரும்பிவிட்டது. நண்பரின் மகளும் அவளோடு கல்லூரியில் படிக்கும் மூவரும் கட்டம் போட்ட பெரிய தாள் ஒன்றைத் தரையில் விரித்து, அதில் வயலும் வாய்க்காலும் வரப்பும் வரைந்து, சிறு பொம்மைகளை நிறுத்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, கதையை நடத்திச் செல்லும் மேசை விளையாட்டு அது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் 1974-ல் அமெரிக்காவில் அச்சேறியது. சண்டை வரும்போது மட்டும் கதை நின்று கணக்கு தொடங்குகிறது. ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. ஒரு கட்டம் என்பது ஐந்தடி. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு சுற்றில் இத்தனை அடி என்று நூலில் எழுதிவைத்திருக்கிறார்கள். மனிதனுக்கு 30, சவாரிக் குதிரைக்கு 60, யானைக்கு 40.

குதிரை பன்னிரண்டு கட்டம் பாயும் என்றான் ஒரு பையன். அவன் பாலக்காட்டுக்காரன். “இது நடவு வயல், தண்ணி கட்டியிருக்கு. எப்படிப் பாயும்?” என்றாள் நண்பரின் மகள். அப்படியானால் விதிப்படி பாதியாக்கு என்றான் அவன். பாதிகூடக் கிடையாது என்றாள் இவள். வழக்கு எங்களிடம் வந்தது. “மாமா, நீங்க சொல்லுங்க. நடவு வயல்ல யானை எத்தனை கட்டம் போகும்?”

வரலாறு வாசிக்கிறவர்கள் என்ற பெயர் எடுத்துவிட்டோம். உடனே விடை சொல்ல வரவில்லை. அன்றைக்குத் தேடத் தொடங்கியதன் விளைவுதான் இக்கட்டுரை.

*

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி செல்லும் வழியில் இருக்கிறது திருப்பூவனூர். அப்பர் பாடிய தலம். இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமர் இக்கோயிலைக் குறிப்பிட்ட பிறகு வெளியூர்க்காரர்களும் தேடி வருகிறார்கள். தலபுராணம் பலரும் அறிந்ததே. சதுரங்கத்தில் தன்னை வெல்பவரையே மணப்பேன் என்றிருந்த இராஜராஜேசுவரியை, சித்தர் வடிவில் வந்த சிவபெருமான் ஆடி வென்று மணந்துகொண்டார். கதையின் காலத்தை நாம் கணிக்கப் போவதில்லை. அப்பர் சதுரங்கத்தைப் பாடினார் என்று சொல்லவும் வரவில்லை. அப்பரின் காலமான ஏழாம் நூற்றாண்டில்தான் வடக்கே பாணபட்டர் தம் ஹர்ஷ சரிதத்தில் சதுரங்கத்தைச் சிலேடையாகக் குறிப்பிடுகிறார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். ஆட்டம் அப்போது அறிமுகமாகியிருந்தது.

கோயிலுக்குப் போனபோது எங்களுக்கு எழுந்த ஐயம் சற்று விஷமமானது. அவ்விருவரும் ஆடிய ஆட்டத்தில் யானை எப்படி நகர்ந்திருக்கும்?

ஐயம் வீணானதன்று. குதிரையின் நடையில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடு, ஐரோப்பா எங்கு போனாலும் இரண்டு நேராக, ஒன்று பக்கமாக என்ற அதே தாவல்தான். யானைதான் ஓரிடத்திலும் நிலைகொள்ளவில்லை. பாரசீகத்திலும் அரபு நாட்டிலும் ஆடிய சத்ரஞ்சில் யானை மூலைவிட்டமாக இரண்டாவது கட்டத்திற்குத் தாவும். இடையில் யார் நின்றாலும் கவலையில்லை. அறுபத்துநான்கு கட்டங்களில் அந்த யானை தன் வாழ்நாள் முழுவதும் தொடக்கூடியவை எட்டே எட்டு. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி வேறொரு நடையைச் சொல்கிறார். அவர் கண்ட நால்வர் ஆட்டத்தில் யானை முன்னே ஒரு கட்டமும் நான்கு மூலைகளில் ஒவ்வொரு கட்டமும் நகரும். முன்னே நீள்வது துதிக்கை, மூலைகளில் நான்கு கால்கள் என்பது விளக்கம். பர்மிய ஆட்டத்தில் யானை இன்றும் இப்படித்தான் அடியெடுத்து வைக்கிறது.

இரண்டில் எது யானை? யானை நான்கு கால்களையும் ஒருங்கே தரையிலிருந்து எடுத்துத் தாவ இயலாத உயிர். கோயில் யானை தெருவில் வருவதைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இது தெரியும். பாரசீகத்தார் அதற்குத் தாவல் கொடுத்தார்கள்; துதிக்கையும் நான்கு காலும் என்று கணக்குப் போட்டவர் யானையை அருகிலிருந்து பார்த்தவராக இருக்கவேண்டும் என்பது எங்கள் துணிபு. (நிரூபிக்க இயலாது. ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை.)

பின்னர் நடந்தது இன்னும் வேடிக்கை. மூலையில் நின்றது தேர். போர்க்களத்தில் தேர் எப்போதோ மறைந்துவிட்டது. இந்தியாவின் பல பகுதிகளில் யானை நகர்ந்து தேரின் மூலையைப் பிடித்துக்கொண்டது. யானை நின்ற இடத்தில் வடக்கே ஒட்டகம் வந்தது. ஆகவே தேருக்குரிய நீண்ட நேர் ஓட்டம் யானைக்குக் கிடைத்தது. நம் தெருக்களில் மூலைக்காயை யானை என்றும் கோட்டை என்றும் மாறி மாறி அழைக்கிறோம். ஓரடி வைத்த யானை பலகையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரே மூச்சில் ஓடுகிறது. ஓடுவது யானையன்று, தேர். அதிலும் தடையற்ற சமதரையில் ஓடும் தேர்.

காய்களின் வேகம் உயிர்களைப் பார்த்து எழுதப்பட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் உண்மை. அது தரையைப் பார்த்தும் எழுதப்பட்டது. சதுரங்கப் பலகை மேடு பள்ளமில்லாத, காய்ந்த, எல்லாத் திசையிலும் திறந்த வெளி. அப்படிப்பட்ட தரை வடக்கே உண்டு. காவிரியின் கழிமுகத்தில் ஆண்டில் பாதி நாள் கிடையாது.

*

குதிரை நமக்கு வந்தது கடல் வழியாக. காவிரிப்பூம்பட்டினத்தின் அங்காடிகளில் கப்பலில் வந்த குதிரைகள் நின்றதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்க் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், அவை தக்க பராமரிப்பின்றி மடிந்துபோவதையும், சோறும் இறைச்சியும் கலந்து அவற்றுக்கு ஊட்டுவதையும் வியப்போடு எழுதிவைத்தார். பெரிய கோயில் கல்வெட்டுகளில் சோழரின் படைப்பிரிவுகள் பெயர் பெயராக வருகின்றன. ஆனையாட்கள் உண்டு, குதிரைச்சேவகர் உண்டு, வில்லிகள் உண்டு. தேருக்குத் தனிப்படை இல்லை.

யானை அரசனின் இருக்கை. உயரமான இருக்கை, ஆகவே எல்லோர் கண்ணிலும் படும் இருக்கை. 949-ல் தக்கோலத்தில் இராசாதித்தன் யானைமேல் அமர்ந்தபடியே வீழ்ந்தான். ஒரு நூற்றாண்டு கழித்து, 1054-ல், கொப்பத்தில் முதலாம் இராசாதிராசன். இருவருமே யானைமேல் துஞ்சிய தேவர் என்று நினைக்கப்பட்டார்கள். சதுரங்கத்தில் அரசன் ஏன் ஓரடிக்கு மேல் வைப்பதில்லை என்று குழந்தைகள் கேட்கும்போது எங்களுக்கு இவ்விருவர் நினைவுதான் வரும்.

குதிரை களத்தில் மடிந்தாலும் கவிதையில் வாழ்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் காசுமீரத்து ருத்ரடர் தம் அலங்கார நூலில் தேர், குதிரை, யானை ஆகியவற்றின் நடைகளைக் கொண்டு செய்யுள் அமைக்கும் வித்தையைக் காட்டினார். பலகையின் கட்டங்களில் எழுத்துகளை நிரப்பி, குதிரைத் தாவலில் படித்துக்கொண்டு போனாலும் செய்யுள் பிழையாமல் வரவேண்டும். இதன் மிக அழகான வடிவம் காவிரிக் கரையில் பிறந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. திருவரங்கத்தில் வேதாந்த தேசிகர் (1268–1369) ஓரிரவில் பாடியதாக மரபு சொல்லும் பாதுகா சகஸ்ரத்தில் சித்திர பத்ததி என்றொரு பகுதி இருக்கிறது. அதில் அடுத்தடுத்த இரு சுலோகங்கள். முதலாவதன் முப்பத்திரண்டு எழுத்துகளையும் நான்குக்கு எட்டாக, அரைப் பலகையில் நிரப்பவேண்டும். பிறகு குதிரை நடையில் தாவித் தாவி, ஒரு கட்டத்தையும் இருமுறை மிதியாமல் எல்லாவற்றையும் படிக்கவேண்டும். அடுத்த சுலோகம் கிடைக்கும்! குதிரையின் வழியை எவர் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். வழி முழுவதும் பொருளோடு பேசவைத்தவர் வெகு சிலர். நம் அட்டநாகபந்தமும் இரதபந்தமும் பொருள் தரும் ஓவியங்கள். இது பொருள் தரும் ஓட்டம்.

எங்களில் ஒருவர் இதைத் தாளில் எழுதிப் பார்த்தார். இரண்டு முறை தவறினார். மூன்றாம் முறை வந்தது. அந்த மாலை முழுவதும் அவர் வேறெதுவும் பேசவில்லை.

*

சதுரங்கத்திற்கு மறுபுறம் திண்ணையில் இன்னொரு பலகை இருந்தது. இருக்கிறது என்று எழுதவே ஆசை. ஆடுபுலி ஆட்டத்தைத்தான் சொல்கிறோம். கோயில் மண்டபங்களின் தளக்கற்களில் அதன் கோடுகளை இன்றும் பார்க்கலாம். மேலே ஒரு கூம்பு, அதிலிருந்து விரிந்து இறங்கும் கோடுகள், குறுக்கே ஒரு நீள்சதுரம். இருபத்துமூன்று முனைகள். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள்.

இந்த ஆட்டத்தின் விதியை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். புலிக்கும் ஆட்டுக்கும் ஒரே வேகம்! கோட்டின் வழியே அடுத்த முனைக்கு, ஒரு முறைக்கு ஓரடி. புலி என்பதற்காக இரண்டடி கிடையாது. வேறுபாடு ஒன்றே ஒன்று: பக்கத்து முனையில் ஆடு நின்று அதற்கப்பால் வெற்றிடம் இருந்தால் புலி தாண்டி வெட்டலாம், ஆடு வெட்டலாகாது. சதுரங்கம் வலிமையை வேகத்தால் அளக்கிறது. இங்கே வேகம் எல்லோருக்கும் சமம். கொல்லும் உரிமைதான் சமமில்லை. அதற்கு ஈடாக ஆட்டுக்குக் கொடுக்கப்பட்டது எண்ணிக்கை. பதினைந்து பேரும் இடைவெளி விடாமல் நின்றால் புலி நகர வழியில்லை. ஒருவர் பதறினால் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. கூம்பின் உச்சியில் கோடுகள் நெருங்கிவிடுகின்றன. அங்கே ஓரடி என்பது விரற்கடை அகலம். கீழே சாண் அகலம். ஆனால் இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. இந்தப் பலகையில் தூரம் அளக்கப்படுவதில்லை, வழி மட்டுமே எண்ணப்படுகிறது. வரப்பில் நடந்து பழகியவர்கள் போட்ட கோடு இது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. டெல்டாவில் அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் எத்தனை வாய்க்கால் தாண்டவேண்டும் என்றுதானே பெரியவர்கள் சொல்வார்கள்?

அந்தப் பிள்ளைகளின் நூலை வாங்கிப் புரட்டியபோது நாங்கள் சிரித்துவிட்டோம். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அது. புலிக்கு 40 அடி, ஆட்டுக்கும் 40 அடி! நம் திண்ணையை அவர்கள் எட்டிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

*

இனி, தரை. தரை என்ன செய்யும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1749. தஞ்சையில் மராத்திய அரசர் பிரதாப சிங் ஆட்சி. அரியணை இழந்த சாகுஜி ஆங்கிலக் கம்பெனியை நாடி, எனக்கு உதவினால் தேவிக்கோட்டை உங்களுக்கு என்றார். கொள்ளிடம் கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த கோட்டை அது. ஏப்ரலில் கிளம்பிய முதல் படையைப் புயல் சிதைத்தது. இரண்டாவது படை மேஜர் லாரன்ஸ் தலைமையில் கடல் வழியே வந்தது. எதிர்க்கரையிலிருந்து பீரங்கியால் சுவரைப் பிளந்தார்கள். தெப்பத்தில் ஆற்றைக் கடந்தார்கள். பிளவுக்கும் படைக்கும் நடுவே மிஞ்சியது ஒரு சேற்று ஓடை.

ஐரோப்பியர் முப்பத்துநான்கு பேர், பின்னால் எழுநூறு சிப்பாய்கள். முன்னணியை நடத்தப் பொறுப்பேற்றவர் ராபர்ட் கிளைவ் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர். ஐரோப்பியர் ஓடையைக் கடந்து பிளவை நோக்கி விரைந்தார்கள். சிப்பாய்கள் ஒட்டி வந்திருக்கவேண்டும். ஓடையைக் கடந்தவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். இடைவெளி விழுந்தது. கோபுரத் துருத்தலின் மறைவில் காத்திருந்த தஞ்சைக் குதிரைவீரர்கள் முன்னே சென்றவர்களைக் கடந்து போகவிட்டு, பின்புறமாகப் பாய்ந்தார்கள். திரும்பி நிற்கவும் நேரமில்லை. இருபத்தாறு பேர் வெட்டுண்டார்கள். கிளைவை நோக்கி ஓங்கிய வாள் வீணானது. அவர் பக்கவாட்டில் விலக, குதிரை அவரைத் தாண்டி ஓடிவிட்டது. ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்றில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பிறகு லாரன்ஸ் முழுப்படையோடு தாக்கிக் கோட்டையைப் பிடித்தது வேறு கதை. (சாகுஜிக்கு அரியணை கிடைக்கவில்லை. கம்பெனி பிரதாப சிங்கோடு உடன்படிக்கை செய்துகொண்டு தேவிக்கோட்டையை வைத்துக்கொண்டது. சாகுஜிக்கு உபகாரச் சம்பளம்.)

இதை ஒரு பலகையில் வைத்துப் பாருங்கள். காலாளுக்குக் காலாள் ஒரே வேகம்தான். ஆனால் ஓடை நடுவில் வந்தவுடன் ஒரே படை இரண்டாகப் பிரிந்துவிட்டது. குதிரைக்கு வேண்டியிருந்தது சுவரோரத்தில் இருந்த கொஞ்சம் உறுதியான தரை, கொஞ்ச தூரம். குதிரை வேகமானது என்பதால் மட்டும் அந்த இருபத்தாறு பேர் இறக்கவில்லை. தோழர்கள் பின்தங்கிய அந்த நேரத்தில் குதிரைக்கு மட்டும் தரை வாய்த்தது.

ஒன்பது ஆண்டு கழித்து, 1758 ஜூலையில், பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சையை முற்றுகையிட்டார். ஆடி மாதம்! காவிரியில் புதுவெள்ளம் வரும் பருவத்தில் பீரங்கியோடு வந்த பெருமகனை என்னென்பது? போதிய வண்டி மாடுகள் இல்லை, உணவில்லை, வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்தது. தஞ்சைக் குதிரைப்படை சுற்றிச் சுற்றி வந்து உணவு வரும் வழிகளை அடைத்தது. ஆங்கிலக் கப்பல்களால் காரைக்காலுக்கு ஆபத்து என்ற செய்தியும் சேர, ஆகஸ்டில் முற்றுகையைக் கைவிட்டுப் போனார். பீரங்கியின் வேகம் அதை இழுக்கும் எருதின் வேகம். படையின் வேகம் அதன் அரிசி மூட்டையைச் சுமக்கும் எருதின் வேகம். சதுரங்கப் பலகையில் எருதுக்கு இடமே இல்லை என்பதை லாலி வழியாகத்தான் நாங்கள் கவனித்தோம்.

மூன்றாவது, 1782 பிப்ரவரி. கர்னல் பிரெய்த்வெய்ட் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரோடு கொள்ளிடக் கரையில் திறந்த வெளியில் முகாமிட்டிருந்தார். திப்பு பலமடங்கு பெரிய படையோடு வந்து சூழ்ந்தார். அதில் குதிரை மிகுதி. கம்பெனிப் படை சதுரமாக அணிவகுத்து, நான்கு புறமும் முகம் காட்டி, மீண்டும் மீண்டும் பாய்ந்த குதிரையைத் தடுத்தது. இறுதியில் சரணடைந்தது. அது மாசி மாதத் தொடக்கம் என்பதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சம்பா அறுப்பு முடிந்து, தாளடி காய்ந்து, வயல்கள் சேர்ந்தாற்போல் திறந்து கிடக்கும் காலம். ஐப்பசியாக இருந்திருந்தால் அத்தனை குதிரை அவ்வளவு விரைவில் வந்து சூழ்ந்திருக்குமா? எங்கள் ஊகம்தான். ஆனால் ஐப்பசி மழையில் வயலில் இறங்கியவர்கள் இந்த ஊகத்தை மறுக்கமாட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் டெல்டாவின் குடிகள் பட்ட பாட்டை இங்கே விவரிக்க இடமில்லை. 1781–82-ல் மைசூர்ப் படை நாட்டைச் சூறையாடியது, பஞ்சம் வந்தது. தஞ்சையில் இருந்த பாதிரியார் ஷ்வார்ட்ஸ் நெல் சேகரித்து மக்களுக்கு வழங்கியது அப்போதுதான். வயல் காய்ந்தால் அறுப்பு. வயல் காய்ந்தால் குதிரையும் வரும். இரண்டுக்கும் ஒரே பருவம் என்பது நெல்விளை நாட்டின் விதி.

*

பலகையில் தரையைக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மானியர். 1780-ல் பிரன்சுவிக்கில் கணித ஆசிரியரான ஹெல்விக் சதுரங்கத்தைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு வண்ணம் பூசி, இது மலை, இது சதுப்பு, இது நீர் என்று பிரித்தார். பிரெய்த்வெய்ட் கொள்ளிடக் கரையில் சதுரமாய் நின்றதற்கு இரண்டு ஆண்டு முன்பு! 1824-ல் பிரஷ்யாவின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களையே நீக்கிவிட்டு, உண்மையான நிலப்படத்தின்மேல் ஆட்டத்தை நடத்தினார். ஒரு முறை என்பது இரண்டு நிமிடம். அந்த நேரத்தில் காலாள் எவ்வளவு, குதிரை எவ்வளவு, பீரங்கி எவ்வளவு என்று அட்டவணை. சதுரங்கம் தோன்றி ஆயிரத்திருநூறு ஆண்டுக்குப் பிறகு சேறு பலகைக்கு வந்து சேர்ந்தது.

1913-ல் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் தகர வீரர்களை வைத்து ஒரு சிறு ஆட்டம் எழுதினார்: காலாளுக்கு ஓரடி, குதிரைக்கு ஈரடி. அளவுகோலைத் தரையில் வைத்து அளக்கவேண்டியதுதான். கைகேக்ஸும் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட ஆட்டம் இந்தக் குலத்தில் வந்தது. தொடக்கத்தில் அங்கும் வேகத்தை அங்குலத்தில்தான் எழுதினார்கள். பின்னர் கட்டமும் ஐந்தடியும் வந்தன. கூடவே ஒரு பழைய சிக்கலும் வந்தது. மூலைவிட்டமாக ஒரு கட்டம் போனால் உண்மையில் ஏழடிக்கு மேல் ஆகிறது. அதை ஐந்து என்று எண்ணலாமா? 2003-ல் வந்த பதிப்பு ஒரு மூலைவிட்டத்தை ஒன்றாகவும் அடுத்ததை இரண்டாகவும் எண்ணச் சொன்னது. 2008-ல் வந்தது எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது. சதுரங்கம் இதைப் பற்றி என்றுமே கவலைப்பட்டதில்லை. அரசன் நேரே வைத்தாலும் சாய்த்து வைத்தாலும் ஓரடி. அந்த அலட்சியத்திலிருந்தே ஒரு கலை பிறந்தது. 1921-ல் ரேட்டி அமைத்த புகழ்பெற்ற புதிரில் தனித்து நிற்கும் வெள்ளை அரசன் மூலைவிட்டமாக நடந்தே, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களை நோக்கிப் போய், தோற்கவேண்டிய ஆட்டத்தைச் சமனாக்குகிறான்.

சிப்பாயின் முதல் அடியும் இப்படித்தான். ஐரோப்பாவில் அது இரண்டு கட்டம் பாயலாம். பழைய இந்திய ஆட்டத்தில் ஒன்றுதான். பஞ்சாபிலிருந்து சென்று 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியனான மீர் சுல்தான் கான், நம் ஊர் விதியில் வளர்ந்து அவர்கள் விதியைப் பின்னர் கற்றுக்கொண்டவர். ஒரு காலாள் ஓரடி கூடுதலாக வைப்பதால் தொடக்க ஆட்டம் முழுவதும் மாறிவிடுகிறது. அதைப் பலகையின் எதிரே அமர்ந்தபடியே பழக்கிக்கொள்வது எத்தகைய உழைப்பு! மயிலாடுதுறையில் 1969-ல் பிறந்த விசுவநாதன் ஆனந்துக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. அவர் வேகம் வேறு வேகம். காய்கள் அதே தூரம்தான் போயின, அவர் கைதான் மற்றவர்களுக்கு முன்னே போயிற்று.

*

மீண்டும் கும்பகோணத்துக் கூடம். அந்த நூல் சேற்றுக்கு விதி வைத்திருக்கிறது. கடினமான தரையில் ஓரடிக்கு ஈரடி கணக்கு. குதிரை 30, யானை 20, மனிதன் 15. விதி எல்லோரையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. நண்பரின் மகள் மறுத்தது இதைத்தான். நாங்களும் அவள் பக்கமே சாய்ந்தோம். நடவு வயல் எல்லோரையும் ஒன்றுபோல் குறைப்பதில்லை. குதிரை முழங்கால் புதைய நின்றுவிடும். யானை ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து நடக்கும், ஆனால் நடக்கும். வரப்பில் ஓடுகிற உள்ளூர் ஆளுக்குக் குறைவே இல்லை. அதே வரப்பில் குதிரையை விட்டால் என்னாகும் என்பதற்கு அந்த நூலில் பதிலில்லை.

கடைசியில் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு அட்டவணை எழுதினோம். நீர் கட்டிய வயலில் குதிரை இரண்டு கட்டம், யானை நான்கு, வெளியூர்ச் சிப்பாய் இரண்டு. வரப்பில் உள்ளூர்க்காரர் ஆறு. பாலக்காட்டுப் பையன் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் இந்த வயலில் வேலை செய்கிறவர்களுக்கு எவ்வளவு என்றான்.

யாரும் அவர்களுக்குப் பொம்மை வைத்திருக்கவில்லை. நடவு நடுகிறவர்கள் முன்னோக்கி நடப்பதில்லை, நட்ட நாற்று மிதிபடாமல் பின்னோக்கியே நகர்வார்கள் என்று நண்பரின் மனைவி சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார். பின்னோக்கி நடக்க அந்த ஆட்டத்தில் தனிக் கணக்கு உண்டா என்று தேடினார்கள். கிடைக்கவில்லை. அவள் நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து வந்து வயலின் நடுவே வரிசையாக வைத்து, அட்டவணையில் ஐந்து என்று எழுதினாள். யானையைவிட ஒரு கட்டம் அதிகம். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பகடையை யார் உருட்டுவது என்பதுதான் அடுத்த தகராறு.